கடலோரத்தில் சொந்தத் தொழில் தொடங்குகிறீர்களா? எதை முதலில், எதைப் பிறகு செய்வது

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் கருவாடு பதப்படுத்தி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் சிறுதொழில் ஒன்றை நடத்திவருகிறேன். அதைத் தொடங்குவதற்கு வேண்டிய தாள்களுக்காக மாவட்டத் தொழில் மையம், வங்கி, உணவுப் பாதுகாப்பு அலுவலகம், இ-சேவை மையம் என்று பல மாதங்கள் அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு விண்ணப்பமும் வேறு வேறு கட்டங்களில் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறது: என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே, எவ்வளவு, எந்த நாளிலிருந்து. இவற்றுக்குத் தெளிவான விடை கையில் இருப்பவருக்கு வேலை சீக்கிரம் முடிகிறது. இல்லாதவர் ஒரு அலுவலகத்தில் ஒன்றும் மற்றொன்றில் வேறொன்றும் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அவற்றைப் பொருத்துவதற்காக மறுபடியும் வரிசையில் நிற்கிறார். இந்தக் கரையில் முண்டு மிளகாய், கருப்பட்டி, கடற்பாசி, கருவாடு என்று எதைத் தொழிலாக எடுத்தாலும் கீழே தரும் படிகளின் வரிசை ஏறத்தாழப் பொருந்தும். எடுத்துக்காட்டுகளை மட்டும் எனக்குத் தெரிந்த கருவாட்டிலிருந்து தருகிறேன்.

1. எதற்காக, எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

விண்ணப்பம் எதையும் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு பணம் கட்டாயம் வேண்டும். நாளுக்கு எத்தனை மணி நேரம் உழைக்க உங்களால் முடியும். வாரத்தில் எந்த நாளை ஓய்வுக்கு ஒதுக்குவீர்கள். எவ்வளவு பணம் போனால் நிறுத்திவிடுவீர்கள். எந்த வேலையை எவ்வளவு லாபம் வந்தாலும் செய்ய மாட்டீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியை இளைஞர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதே இல்லை. கெட்டுப்போன மீனை உப்பில் மறைத்துக் காயவைப்பதில்லை என்றும், பூச்சி வராமலிருக்க மருந்து தெளிப்பதில்லை என்றும் முதல் நாளே எழுதி வைத்திருப்பவருக்கு, மீன்பாடு குறைந்து கடன் தவணை நெருங்கும் நாளிலும் என்ன செய்வது என்ற குழப்பம் வராது.

பிறகு கணக்கைப் போடுங்கள். வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் வேண்டும், ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டில் எல்லாச் செலவும் போக 100 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 150 கிலோ விற்றாக வேண்டும். நெத்திலி ஏறத்தாழ நான்கு கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ கருவாடாகச் சுருங்குவதால், 600 கிலோ மீன் வாங்கவும், கழுவவும், பரப்பவும், மழைத்தூறல் கண்டதும் அள்ளவும் இடமும் ஆளும் வேண்டும். உங்கள் வீட்டு முற்றத்தில் அது முடியுமா? முடியாது என்றால் விலை உயர்ந்த மீனுக்கு மாறுவதா, குறைந்த வருமானத்தோடு முதல் ஆண்டை ஓட்டுவதா, இடம் வாடகைக்கு எடுப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யலாம். வங்கி கேட்கும் திட்ட அறிக்கை என்பது இந்த ஒரு பக்கத்தின் விரிவுதான். இதை எழுதியவருக்கு அறிக்கை தயாரித்துத் தர ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர் தேவைப்பட மாட்டார்.

2. கடலின் ஆண்டுக்கணக்கை வைத்து நாள் குறியுங்கள்

நமது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும் என்றாலும் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மீன் கிடைத்தாலும் வெயில் கிடைக்காது. ஆகவே வெயிலை நம்பிக் கருவாடு போடுபவருக்கு ஆண்டில் ஏழு மாதம்தான் நல்ல காலம்: ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையும், ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரையும். பதநீரை நம்பும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டித் தொழிலுக்கும் இதுபோலப் பருவம் உண்டு. அங்கே கோடையில் காய்ச்சியதைத்தான் ஆண்டு முழுவதும் வைத்து விற்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, தாள் வேலைகளை அக்டோபரில் தொடங்கினால் மழை முடிவதற்குள் பெரும்பாலானவை கைக்கு வந்து, ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கலாம். மார்ச்சில் தொடங்குபவருக்கு எல்லாம் கிடைத்து முடியும்போது தடைக்காலம் வந்து நிற்கும். மற்றொன்று, குறைந்தது நான்கு மாத வீட்டுச் செலவைத் தொழில் முதலோடு கலக்காமல் தனியாக வைத்திருங்கள். அந்தப் பணம் இல்லாதவர்கள்தான் தடைக்காலத்தில் தண்டல் வட்டிக்கும், வியாபாரியின் முன்பணத்துக்கும் கைநீட்டுகிறார்கள். முன்பணம் வாங்கியவர் பொருளுக்கு விலை சொல்லும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

3. மானியக் கடன் வேண்டுமா என்பதை மற்றப் பதிவுகளுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்று அழைக்கப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கு அதில் முதற்கடன் கிடையாது. ஆகவே ஆர்வத்தில், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவான உத்யம் பதிவை எடுத்து, தொழில் தொடங்கிய நாளையும் அதில் குறித்து, விற்பனையும் செய்துவிட்டுப் பிறகு மானியம் கேட்டால், உங்கள் சொந்தச் சான்றிதழே உங்களுக்கு எதிராக நிற்கும். கடன் வேண்டும் என்றால் முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்ப் பேசுங்கள். வேண்டாம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டி நான்காவது படிக்குச் செல்லலாம். கையிலிருக்கும் சிறு முதலோடு தொடங்குவதும் முழுமையான, நல்ல வழிதான்.

நான் விசாரித்த காலத்து விதிகளின்படி, இத்திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம். நம் கரையோரக் கிராமங்களில் பெரும்பாலோர் சிறப்புப் பிரிவில் வருவார்கள்; அதற்குரிய சாதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஒரு குடும்பத்தில், அதாவது கணவன் மனைவி இருவரில், ஒருவருக்கு மட்டுமே இது கிடைக்கும்.

எண்களில் பார்த்தால்: 4 லட்ச ரூபாய்த் திட்டத்தில் சிறப்புப் பிரிவினர் கையிலிருந்து போட வேண்டியது 5 விழுக்காடு, அதாவது 20,000 ரூபாய். மீதி 3,80,000 ரூபாயை வங்கி கடனாகத் தரும். ஊரகத்துக்குரிய 35 விழுக்காட்டு மானியமான 1,40,000 ரூபாய் உங்கள் கைக்கு வராது. அது மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகு கடனில் கழிக்கப்படும். மானியப் பணம் கிடைத்ததும் மீன் வாங்கலாம் என்று திட்டமிட்டவர்கள் இடையில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது கடைசியில் உங்கள் சுமையைக் குறைக்கும் பணம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 25 விழுக்காடு மானியம் உண்டு. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2023-ல் தொடங்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உள்ளது. மானியமே இல்லாமல், பிணையும் கேட்காமல் கிடைப்பது முத்ரா கடன். அதன் முதல் பிரிவான சிசுவில் 50,000 ரூபாய் வரை வாங்கலாம். தராசு, பாக்கெட் ஒட்டும் எந்திரம், மீன் காயவைக்கும் வலைப் பரண் ஆகியவற்றுக்கு அந்தத் தொகையே போதும். ஒவ்வொரு திட்டத்துக்கும் வயது, கல்வி, வருமான வரம்புகளும், எந்தத் தொழிலுக்குக் கொடுக்கமாட்டார்கள் என்ற பட்டியலும் உண்டு. அவை அவ்வப்போது மாறும். ஆகவே போனதும் கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகள்: "இந்த நிதியாண்டில் விண்ணப்பம் ஏற்கிறீர்களா? என் தொழில் இதில் வருமா?"

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், பான், சாதிச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம், தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணம், எந்திரங்களுக்கான விலைப்புள்ளி, திட்ட அறிக்கை, புகைப்படம். ஊரகப் பகுதிக்கான மானியம் கோரினால் அதற்குரிய சான்றும் வேண்டும்.

இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் பலருடைய கொட்டகை புறம்போக்கில் நிற்கிறது. அந்த முகவரியை வங்கி ஏற்பது கடினம். பட்டா நிலத்தில் ஒரு சிறு இடத்துக்காவது வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையுள்ள பகுதி கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருவதால், புதிதாகக் கட்டடம் எழுப்பும் எண்ணம் இருந்தால் செங்கல் இறக்குவதற்கு முன்பே அனுமதியைப் பற்றி விசாரியுங்கள்.

வங்கியில்தான் தாமதம் அதிகம். நான் போன ஒரு கிளையில், விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. இணையத்தில் விண்ணப்பித்தபோது கிடைத்த எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்ட பிறகுதான் விடை கிடைத்தது. எதையும் வாய்மொழியாக விடாமல், கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கடன் ஒப்புதலாகும் நேரத்தில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: முதல் தவணை ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் விழாதபடி, தவணை கட்டத் தேவையில்லாத விடுப்புக் காலத்தை அமைத்துத் தர முடியுமா என்று. கடல் ஓய்ந்திருக்கும் மாதத்தில் தொடங்கும் தவணை, முதல் அடியிலேயே உங்களைத் தவறியவராக ஆக்கி, கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணையும் கெடுத்துவிடும்.

மானியம் வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தொழில் பயிற்சி இலவசம். கடன் விண்ணப்பம் பற்றிய ஐயங்களையும் அங்கே கேட்கலாம்.

4. பான், வங்கிக் கணக்கு, உத்யம்

இவை எளியவை. ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருந்தால், வருமான வரித்துறையின் தளத்தில் மின்-பான் இலவசமாகவே கிடைக்கும். தனியாளாக நடத்தும் தொழிலுக்கு உங்கள் சொந்தப் பான் எண் போதும். உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் தேடும்போது முதலில் வரும் பல தளங்கள் அரசுத் தளம் போன்ற தோற்றத்தோடு ஆயிரம், இரண்டாயிரம் என்று பணம் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணை உள்ளிடுங்கள். பதிவான சில நாட்களில் கடன் தருவதாகவும், சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் அழைப்புகள் வரும். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

உத்யம் சான்றிதழ் வந்ததும் தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குங்கள். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே க்யூஆர் அட்டையில் விழுந்தால், ஆறு மாதம் கழித்து நீங்கள் சம்பாதித்தீர்களா, முதலைத் தின்றீர்களா என்பதை உங்களாலேயே சொல்ல முடியாது.

5. உணவுப் பாதுகாப்புப் பதிவு

உண்ணும் பொருள் எதுவானாலும், வீட்டில் செய்தாலும், இது கட்டாயம். நான் பதிவு செய்தபோது ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய்க்குள் இருப்போருக்கு அடிப்படைப் பதிவும், அதற்கு மேல் உரிமமும் தேவையாக இருந்தன. பதிவுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில், பதிவுக்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸ் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று ஆகியவை வேண்டும். மின் இணைப்பு தந்தையின் பெயரில் இருந்தால் அவரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி இணையுங்கள்.

பலர் இடறுவது பொருள் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். வாங்கி விற்பவர் என்று பதிந்துவிட்டு வீட்டில் காயவைத்தால், ஆய்வின்போது அது வேறு தொழிலாகிவிடும். நீங்களே பதப்படுத்துவீர்கள் என்றால் உற்பத்தியாளர் என்றே பதியுங்கள். ஊறுகாய், தொக்கு என்று பின்னால் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அவற்றையும் இப்போதே குறிப்பிடுங்கள்.

ஆய்வுக்கு வருவோர் பார்ப்பது தண்ணீர், தரை, ஈ, உப்பு, ஆட்களின் கை. மணலில் நேரடியாகக் காயவைத்த மீனை எவ்வளவு அலசினாலும் பல்லில் மணல் கடிபடும். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு, வலை கட்டிய பரணில் பரப்புங்கள். காற்று அடியிலும் புகுவதால் சீக்கிரம் காயும், நாயும் கோழியும் அண்டாது. இதற்கு ஆகும் செலவு சிறியது. ஆனால் வாங்குபவர் இரண்டாம் முறை வருவாரா என்பதை முடிவு செய்வது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

6. தராசும் லேபிளும்

விற்பனைக்குப் பயன்படுத்தும் எலக்ட்ரானிக் தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. பாக்கெட்டாக விற்பவர் பொட்டலமிடுபவராகவும் அங்கே பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் 500 ரூபாய்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, எல்லா வரியும் உட்பட அதிகபட்ச விலை, ஓர் அலகுக்கு என்ன விலை என்பது, பொட்டலமிட்ட நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, தொகுதி (பேட்ச்) எண், உங்கள் முழு முகவரி, புகார் எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண். கருவாட்டுக்கு அசைவக் குறியாகச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் வேண்டும். பழைய வட்டக் குறியை அச்சகத்தார் இன்னும் போட்டுத் தருகிறார்கள், கவனியுங்கள். மீன் ஒவ்வாமை தரக்கூடிய உணவுப் பட்டியலில் இருப்பதால் அதையும் குறிப்பிட வேண்டும். முதல் முறை ஐயாயிரம் உறை அச்சிடாதீர்கள். வெறும் உறையில் ஒட்டும் சிறு லேபிளாகச் சில நூறு போதும். விலையும் முகவரியும் முதல் ஆண்டில் மாறிக்கொண்டே இருக்கும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மிளகாய் விற்பவர்கள் அந்தக் குறியீட்டைப் பாக்கெட்டில் அச்சிடுவதற்கு முன், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிய, உத்யம் சான்றிதழ் உள்ள சிறுதொழிலுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். முதல் ஆண்டு விற்பனையைப் பார்த்த பிறகு அதைச் செய்தால் போதும் என்பது என் கருத்து.

7. ஜிஎஸ்டி எப்போது

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு வேண்டும். பெங்களூரில் இருக்கும் உறவினர் வழியாக வரும் முதல் ஆர்டர் மகிழ்ச்சி தரும். அனுப்புவதற்கு முன் கணக்கரிடம் கேளுங்கள். லேபிள் ஒட்டி அடைத்த கருவாட்டுக்கும், சில்லறையாக அள்ளி விற்கும் கருவாட்டுக்கும் வரி ஒன்றல்ல. பதிவு எடுத்துவிட்டால் விற்பனையே இல்லாத காலத்திலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதத்துக்குக் கட்டணம் ஏறும். கௌரவத்துக்காக முதல் மாதமே எடுக்காதீர்கள்.

8. தொடக் கூடாதவை

கடல் அட்டையும் கடற்குதிரையும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. பவளமும், வேளா முதலிய சில சுறா, திருக்கை வகைகளும், சில சிப்பி வகைகளும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. வலையில் தானாக வந்தது என்று சொல்லி எவராவது குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வைத்திருப்பதே குற்றம், ஜாமீன் கிடைப்பதும் எளிதல்ல. திருக்கை, சுறாக் கருவாடு வாங்கும்போது வகை தெரிந்து வாங்குங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே அனுமதியின்றி இறங்கவோ, மீன் காயவைக்கவோ கூடாது.

9. நாளையும் வாரத்தையும் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்

ஏலம் விடியலில் நடக்கும். அங்கே போய்வந்து, மீன் கழுவிப் பரப்பி, மாலையில் அள்ளி, இரவில் கைப்பேசியில் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டே மாதத்தில் உடம்பு கேட்காது. ஆர்டருக்குப் பதில் சொல்லும் நேரத்தை நண்பகலில் ஒரு மணி நேரமாகக் குறித்து, அதை வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள், பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். பல கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும், இஸ்லாமியர் மிகுந்த ஊர்களில் வெள்ளிக்கிழமையும் படகுகள் ஓய்ந்திருக்கும். நீங்கள் மீன் வாங்கும் ஊருக்கு எது ஓய்வு நாளோ அதையே உங்களுடையதாகவும் வைத்துக்கொண்டால் விற்பனை கெடாது. உங்களோடு மீன் பரப்ப வரும் பெண்களுக்கும் அன்றைக்குக் கூலி பிடிக்காமல் ஓய்வு தர முடியுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். அவர்கள் கையின் சுத்தமும் கண்ணின் கூர்மையும்தான் உங்கள் பாக்கெட்டின் தரம்.

கூரியர் நிறுவனங்களில் சில வாசனையைக் காரணம் காட்டிக் கருவாட்டை ஏற்பதில்லை. காற்று நீக்கி அடைத்து, அதன்மேல் இன்னொரு உறை போட்ட மாதிரிப் பொதியைக் கொண்டுபோய்க் காட்டி, ஏற்பார்களா என்று உறுதி செய்த பிறகே வெளியூர் ஆர்டருக்குப் பணம் வாங்குங்கள். வெளிநாட்டு ஏற்றுமதி வேறு கதை. அதற்கு இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும், கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவும் வேண்டும். உள்ளூர் விற்பனை நிலைபெற்ற பிறகு பார்க்கலாம்.

தாள்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, முதல் பக்கத்தில் காலாவதித் தேதிகளை எழுதி ஒட்டுங்கள்: உணவுப் பாதுகாப்புப் பதிவு, தராசு முத்திரை, ஊராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம், வாடகை ஒப்பந்தம். தேதி நெருங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். புதுப்பிக்கும் வேலைகளில் முடிந்தவற்றைத் தடைக்காலத்துக்குள் அடைத்துவிட்டால், ஜூன் 15 காலையில் படகுகள் கடலுக்குப் போகும்போது உங்கள் பரணும் தராசும் தயாராக இருக்கும்.